பேனலுக்கு என்ன கோத்திரம்?

மயிலாப்பூருக்கு சோலார் மின்சாரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அதைப் பற்றிய அபிப்பிராயம் வந்து சேர்ந்துவிட்டது. இந்தப் பேட்டையில் எல்லாமே அந்த வரிசையில்தான் வரும். மெட்ரோவுக்குக் குழி தோண்ட ஆரம்பித்த அன்றே, ரயில் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று லஸ் முனையில் தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

அபிப்பிராய உற்பத்தி நிலையம் நாகேஸ்வர ராவ் பூங்கா. விடியற்காலை ஐந்தரைக்கு உற்பத்தி தொடங்கும். வெயில் ஏறியதும் நின்றுவிடும். பூங்காவுக்குப் பெயர் தந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு, அமிர்தாஞ்சன் கண்ட மகான். அங்கே நடக்கும் விவாதங்களை அரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு அவருடைய தீர்க்கதரிசனம் புரியும்.

சோலார் சபைக்கு நிரந்தர உறுப்பினர்கள் நால்வர். மின்வாரியத்தில் ரிட்டையரான எஞ்சினியர், கஸ்டம்ஸில் ரிட்டையரான அப்ரைசர், ஓர் ஆடிட்டர், எதிலிருந்தும் ரிட்டையராக மறுக்கும் ஒரு வக்கீல். நாலு பேர் வீட்டு மொட்டை மாடியிலும் இன்று தேதி வரை ஒரு பேனல் கிடையாது. அனுபவம் குறுக்கே வராததால் வாதம் படு சுத்தமாக இருக்கும்.

வக்கீல் எப்போதும் சர் சி.பி.யிலிருந்துதான் ஆரம்பிப்பார். தப்பில்லை. இந்த மாகாணத்தில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக் கொள்கை என்று ஒன்றை முதலில் செய்து காட்டியவர் நம் பக்கத்து வக்கீல்தான். எல்டாம்ஸ் ரோடு ‘தி குரோவ்’ வாசியான சி.பி.ராமசாமி ஐயர் 1923 முதல் 1928 வரை சென்னை அரசாங்கத்தில் சட்ட மெம்பராக இருந்தார். நீலகிரிக்குப் போனால் மற்றவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏரியில் படகு விடுவார்கள். இவர் பைக்காரா அருவியைப் பார்த்தார். அவருக்குக் கவிதை வரவில்லை, யூனிட் வந்தது. திட்டத்தைத் தள்ளு தள்ளென்று தள்ளினார். 1932-ல் பைக்காரா மின்சாரம் பாய்ந்தது. மேட்டூர் அணைக்கும் அவர்தான் முட்டுக் கொடுத்தார். பிறகு திருவாங்கூருக்குத் திவானாகப் போனார். அங்கேயும் 1940-ல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. மனிதர் போகிற ஊரில் ஆறுகளுக்கு நிம்மதி கிடையாது.

அருவி மின்சாரம் கோயமுத்தூர் மில்களுக்குப் போனது. மயிலாப்பூருக்கு வந்தது பேசின் பிரிட்ஜ் நிலக்கரிப் புகையில் வெந்த மின்சாரம். கொள்கை நம்முடையது, கரண்ட் அவர்களுடையது. இந்த ஏற்பாட்டை மயிலாப்பூர் இன்னும் மாற்றவில்லை.

சூரியன் பக்கத்துக் கதையை வேகமாக ஓட்டிவிடலாம். 1839-ல் எட்மண்ட் பெக்கரெல் என்ற பத்தொன்பது வயதுப் பிரெஞ்சுப் பையன், வெளிச்சத்திலிருந்து மின்சாரம் வருவதைக் கண்டுபிடித்தான். அந்த வயதில் நம் பையன்கள் கண்டுபிடிப்பது வேறு. 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் ஆறு சதவீத வெளிச்சத்தை மின்சாரமாக்கும் சிலிக்கான் செல்லைச் செய்தது. 1958-ல் அது வான்கார்டு செயற்கைக்கோளில் ஏறி விண்வெளிக்கே போய்விட்டது. 1970-களின் கடைசியில் மத்திய அரசின் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இந்தியாவில் செல் செய்தது. 1992-ல் உலகத்திலேயே முதலாக மரபுசாரா எரிசக்திக்கென்று தனி அமைச்சகம் வைத்தோம். அமைச்சகம் வந்துவிட்டதால் அடுத்த இருபது வருஷம் யாரும் அவசரப்படவில்லை.

அவசரம் 2012-ல் வந்தது, பவர் கட் உருவத்தில். வெளி மாவட்டங்களில் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் கரண்ட் இல்லை. சென்னைக்கு இரண்டே மணி நேரம்தான் வெட்டு. ஆனால் மாட வீதிகளில் அந்த இரண்டு மணி நேரத்துக்காக எழுந்த கூக்குரலைக் கேட்டவர்கள், மதுரையில் இருப்பவர்கள்தான் ஏதோ சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். பத்து முதல் பன்னிரண்டா, பன்னிரண்டு முதல் இரண்டா என்ற அட்டவணையைப் பஞ்சாங்கத்தோடு சேர்த்துச் சுவரில் ஒட்டினார்கள். ராகுகாலம் பார்த்துக் காரியம் செய்த காலம் போய், மிக்ஸியின் நல்ல நேரம் பார்த்துச் சட்னி அரைத்தார்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றத் தெரிந்த மாப்பிள்ளைக்குத் தனி மரியாதை கிடைத்தது.

அந்த வருஷம் அக்டோபரில் முதல்வர் ஜெயலலிதா சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டார். வருஷத்துக்கு 1000 வீதம் 2015-க்குள் 3000 மெகாவாட். மொட்டை மாடியில் பேனல் போடும் வீட்டுக்காரருக்கு ஊக்கத்தொகை: முதல் இரண்டு வருஷம் யூனிட்டுக்கு 2 ரூபாய், அடுத்த இரண்டு வருஷம் 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு வருஷம் 50 காசு. ஆடிட்டர் பேப்பர் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு நாலு யூனிட் தந்தால் வருஷத்துக்கு 1460 யூனிட். ஊக்கத்தொகை 2920 ரூபாய். அன்றைக்கு அந்த ஒரு கிலோவாட்டை மாடியேற்ற ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். “ஃபிக்ஸட் டெபாசிட்ல போட்டா ஒம்பது பர்சென்ட் தர்றான் சார். மேல ஏறித் துடைக்கவும் வேண்டாம்.” சூரிய மின்சாரத்துக்கு மயிலாப்பூரின் முதல் பதில் இந்த ஃபிக்ஸட் டெபாசிட்.

பெரிய கம்பெனிகளிடம் வேறு மொழியில் பேசினார்கள். உங்கள் நுகர்வில் ஆறு சதவீதம் சூரியனிடம் வாங்கியே தீர வேண்டும் என்று உத்தரவு. கம்பெனிகள் சூரியனிடம் போகவில்லை, தீர்ப்பாயத்துக்குப் போயின. 2014 ஜனவரியில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. 2015 பிறந்தபோது 3000 மெகாவாட்டில் பத்தில் ஒரு பங்குகூட வந்திருக்கவில்லை. அதே வருஷம் ஜூலையில் கணக்கை ஒரே வீச்சில் சரிக்கட்ட, கமுதியில் 648 மெகாவாட்டுக்கு அதானியுடன் ஒப்பந்தம் போட்டார்கள். யூனிட் 7 ரூபாய் 1 காசு. ஏறக்குறைய அதே சமயத்தில் மத்தியப் பிரதேசத்தில் 5 ரூபாய் 5 காசுக்கு ஏலம் போனது. எதிர்க்கட்சிகள் கேட்காத கேள்வியில்லை. 2017-ல் தமிழகத்து ஏலமே 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. ராஜஸ்தான் பாட்லாவில் 2 ரூபாய் 44 காசு. அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தவன்தான் இந்த வியாபாரத்தில் கெட்டிக்காரன் என்று நாலு உறுப்பினர்களும் ஏகமனதாகத் தங்களைத் தாங்களே பாராட்டிக்கொண்ட ஒரே நாள் அது.

விலை ஏன் இப்படி விழுந்தது? சீனா. 2008 வாக்கில் வாட்டுக்கு நாலு டாலர் விற்ற பேனலை நாலே வருஷத்தில் ஒரு டாலருக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். விலை இறங்க இறங்க நம்மிடையே ஒரு சந்தேகம் ஏறிக்கொண்டே போனது: இவ்வளவு சீப்பாகக் கிடைத்தால் நல்ல சரக்காக இருக்குமா? ரங்கநாதன் தெருவில் பேரம் பேசிப் பழகிய மனசு அப்படித்தான் கேட்கும். சொன்ன விலைக்குக் கடைக்காரன் உடனே சம்மதித்துவிட்டால் சட்டையைத் திருப்பித் தையலைப் பார்ப்போம்.

ஆனால் டில்லியில் யாரும் தையலைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது கோத்திரம். பெண் எப்படி, குணம் எப்படி என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல், எந்த ஊர், யார் வம்சம் என்று மட்டும் தோண்டித் துருவும் சம்பந்தி மாதிரி, பதினைந்து வருஷமாக ஒரே விசாரணை.

2010-ல் தொடங்கிய தேசிய சோலார் திட்டத்தில் ஒரு நிபந்தனை: சிலிக்கான் பேனல் என்றால் உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும். ‘சிலிக்கான் பேனல்’ என்று எழுதியவர் மெல்லிய படலப் பேனலை மறந்துவிட்டார். இந்த மாதிரி மறதிகளை அமெரிக்கக் கம்பெனிகள் காசாக்காமல் விடுவதில்லை. ஃபர்ஸ்ட் சோலார் என்ற கம்பெனி, சிலிக்கானே இல்லாத காட்மியம் டெல்லூரைடு படலத்தோடு அந்தச் சந்தில் நுழைந்தது. கூடவே அமெரிக்காவின் எக்ஸிம் வங்கி மலிவு வட்டிக் கடனோடு. திறந்த கதவு வழியாக உள்ளே வந்தவர்கள், மூடிய கதவு ஏன் மூடியிருக்கிறது என்று 2013-ல் உலக வர்த்தக அமைப்பில் வழக்கும் போட்டார்கள். 2016-ல் இந்தியா தோற்றது. நாம் சும்மா விடுவோமா? உங்கள் மாநிலங்களும் உள்ளூர்ச் சரக்குக்குச் சலுகை தருகின்றனவே என்று திருப்பிப் போட்டோம். 2019-ல் அதில் நாம் ஜெயித்தோம். வக்கீல் இந்த இரண்டு தீர்ப்பையும் அடிக்கடி நினைவுகூர்வார். இரண்டு பக்கமும் ஃபீஸ் வாங்கியவர்களை நினைத்து அவருக்கு வருகிற பெருமூச்சு உண்மையானது.

நடுவில் 2014-ல் ஓர் அழகான நாடகம் நடந்தது. அமெரிக்கா, சீனா, தைவான், மலேசியச் சரக்குகள் மீது வாட்டுக்கு 11 சென்ட் முதல் 81 சென்ட் வரை பொருள்குவிப்புத் தடுப்பு வரி போடலாம் என்று வர்த்தக அமைச்சகத்தின் இயக்குநரகம் சிபாரிசு செய்தது. போட்டால் திட்டமே படுத்துவிடும் என்றது எரிசக்தி அமைச்சகம். நிதி அமைச்சகம் இருவரையும் பகைத்துக்கொள்ளாமல் ஆகஸ்டில் கெடு முடியும் வரை கோப்பைத் திறக்காமல் இருந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் இரண்டு மாமாக்களுக்கு நடுவே உட்கார்ந்தவன் இலையையே பார்த்துச் சாப்பிடுகிற ராஜதந்திரம்.

தரம்? அதைப் பற்றி டீலர்கள் பேசினார்கள். “டயர் ஒன் பேனல் சார்!” இந்தச் சொல்லைக் கேட்டு மடங்காத வீட்டுக்காரர் இல்லை. அது ப்ளூம்பெர்க் நிறுவனம் போடும் பட்டியல். எந்தக் கம்பெனியின் பேனலை வைத்த திட்டங்களுக்கு வங்கிகள் கடன் தருகின்றன என்று பார்த்துச் சேர்ப்பது. இதைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று பட்டியல் போட்டவர்களே சொல்லியிருக்கிறார்கள். பேங்க் மேனேஜர் வணக்கம் சொல்கிறார் என்பதற்காக ஒருவரை நன்றாகப் பாடுவார் என்று மியூசிக் அகாடமியில் மேடையேற்றுவதில்லை. சோலாரில் ஏற்றுவோம்.

அடுத்தது 25 வருஷ வாரண்டி. சீனாவின் சன்டெக் 2001-ல் பிறந்தது, உலகத்திலேயே பெரிய பேனல் கம்பெனியாக வளர்ந்தது, 2013-ல் அதன் பிரதானக் கிளை திவாலானது. ஆயுள் பன்னிரண்டு வருஷம், கொடுத்த வாரண்டி இருபத்தைந்து. சீனாக்காரனே இப்படித்தான் என்று தொடையைத் தட்ட வேண்டாம். அமெரிக்காவின் சொலிண்ட்ரா 53 கோடி டாலருக்கு மேல் அரசு உத்தரவாதக் கடன் வாங்கிக்கொண்டு 2011-ல் கடையை மூடியது. நம் மோசர் பேயர் சிடியும் செய்து பேனலும் செய்து 2018-ல் கலைப்புக்குப் போனது. பேனல்கள் என்னவோ இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. வாரண்டி கார்டை நீட்டுவதற்குத்தான் ஆளில்லை.

எஞ்சினியர் ஒரு நாள் கச்சேரி ரோடு பக்கத்து ஃபிளாட் ஒன்றின் மொட்டை மாடிக்கு சபையை அழைத்துப் போனார். பேனலைப் போட்டு மூன்று வருஷமாகியும் பில் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று செக்ரட்டரி புலம்பியதால் வந்த விஜயம். பேனலின் முதுகில் ஒட்டியிருந்த லேபிளைக் குனிந்து படித்தார்கள். 1000 வாட் வெயில், 25 டிகிரி, ஏஎம் 1.5 என்றிருந்தது. ஏஎம் 1.5 என்றால் ராத்திரி ஒன்றரை மணி, அப்போது எங்கே வெயில், இது அப்பட்டமான மோசடி என்று ஆடிட்டர் அங்கேயே ஆட்சேபணையைப் பதிவு செய்தார். அது சூரிய ஒளி கடந்து வரும் காற்றுமண்டலத்தின் அளவு என்று விளக்கி அவரை இறக்குவதற்குள் எஞ்சினியருக்கு வியர்த்துவிட்டது.

உண்மையான வேடிக்கை அந்த 25 டிகிரியில் இருக்கிறது. பேனலின் வாட்டை அளப்பது அந்தச் சூட்டில், குளிர் சாதன அறையில். மயிலாப்பூரில் 25 டிகிரி என்பது மார்கழிக் காலை பஜனைக்கு மட்டும் வந்துவிட்டுப் போகும் விருந்தாளி. மே மாதம் செல்லின் சூடு 60-ஐத் தாண்டும். டிகிரிக்கு 0.4 சதவீதம் வீதம் கழித்தால் எழுதியிருப்பதில் ஏழில் ஒரு பங்கு வெயிலிலேயே ஆவி. சூடு அதிகமானால் கரண்ட் குறையும் என்ற செய்தி அன்று மாடியில் ஏற்படுத்திய நிசப்தத்தை வக்கீல் சாதகமாக்கிக்கொண்டு, “அப்போ ஊட்டிதான். சி.பி. அப்பவே சொன்னார்” என்றார்.

மீதிக்கு வேறு குற்றவாளிகள் இருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தென்னை காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஒரு மட்டையைக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. சாந்தோமிலிருந்து வரும் உப்புக் காற்று ஃபிரேம் போல்ட்டுகளைப் பழுப்பாக்கியிருந்தது. காக்கைகள் தங்கள் பங்குக்கு வெள்ளையடித்திருந்தன. ஒரு பேனலின் கண்ணாடிக்குள் பழுப்புக் கோடுகள் நத்தை ஊர்ந்த தடம்போல் நெளிந்தன. செல்லில் மயிரிழை விரிசல் இருந்தால் அப்படி வரும். விரிசல் எந்த நாட்டில் விழுந்தது? லிஃப்டில் நுழையாத பேனலைத் தலையில் சுமந்து மூன்று மாடி ஏறினார்களாம். ஐஐடி பம்பாயின் ஆய்வு மையம் 2013 முதல் ஊர் ஊராகப் பேனல்களைச் சோதித்துச் சொன்னதும் இதையொட்டித்தான்: சூடான ஊர்களில் சீக்கிரம் தேய்கிறது, பெரிய பண்ணைகளைவிட வீட்டுக் கூரையில் அதிகமாகத் தேய்கிறது. கப்பலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சேதாரமில்லாமல் வந்ததை மூன்று மாடியில் முடித்துவிட்டு, சீனாக்காரனைத் திட்டுகிறோம். மட்டையை வெட்டச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கலாமே என்றதற்கு, அவரோடு 1998 முதல் பேச்சுவார்த்தை இல்லை என்றார் செக்ரட்டரி. பீஜிங்கோடு பேசுவது இதைவிட சுலபம்.

இனி கஸ்டம்ஸ்காரரின் காண்டம். அவர் ரிட்டையரான பிறகு நடந்தது என்றாலும், தன் பிள்ளை ஐஏஎஸ் பாஸ் செய்த மாதிரி சொல்வார். 2017 செப்டம்பர் வாக்கில், சென்னைத் துறைமுகத்தில் சோலார் பேனல்கள் மோட்டாராக அவதாரம் எடுத்தன.

சுங்கப் பட்டியலில் பேனல்கள் 8541 என்ற தலைப்பில், டயோடு, டிரான்சிஸ்டர் கோஷ்டியோடு வரி கட்டாமல் வந்துகொண்டிருந்தன. திடீரென்று இங்கே, இது 8501, அதாவது மின்மோட்டார், ஜெனரேட்டர் ரகம், வரி கட்டு என்றார்கள். ஆதாரம்? பேனலுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பெட்டி. அதற்குள் இரண்டு மூன்று டயோடுகள். எதற்கு? பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தால் அந்தச் செல் சூடேறிக் கருகாமல் கரண்டைச் சுற்று வழியில் திருப்பிவிட. அதாவது காக்கை எச்சமிட்டால் பேனல் சாகக் கூடாது என்பதற்காக டயோடு. டயோடு இருப்பதால் ஜெனரேட்டர். ஜெனரேட்டர் என்பதால் வரி. சங்கிலியின் ஒரு முனையில் காக்கை, மறுமுனையில் நிதி அமைச்சகம்.

வரி எத்தனை? சரியாக ஏழரை சதவீதம்.

இதைச் சொல்லும்போது கஸ்டம்ஸ்காரர் ஒரு விநாடி நிறுத்துவார். சபைக்குப் புரிய நேரம் கொடுக்கிறார். சனி பகவான் சூரியனின் சொந்தப் பிள்ளை, வாகனம் காக்கை. அப்பா பெயரில் வந்த சரக்குக்குப் பிள்ளை துறைமுகத்திலேயே ஏழரையை ஆரம்பித்துவிட்டார். திருநள்ளாறு போய் எள் தீபம் போட்டால் கன்டெய்னர் வெளியே வருமா என்று இம்போர்ட்டர்கள் யாராவது விசாரித்தார்களா, தெரியாது. நூற்றுக்கணக்கில் கன்டெய்னர்கள் தேங்கின. தேக்கத்துக்கு டெமரேஜ் ஓடியது. சுற்றவே சுற்றாத, சத்தமே போடாத ஒரு கண்ணாடிப் பலகை எப்படி மோட்டார் ஆகும் என்று கேட்டவர்களுக்கு, விளக்கக் குறிப்பைப் படி என்று பதில் வந்தது. 2018-ல் மேலிடம் ஒரு சுற்றறிக்கை விட்டு, சாதாரணப் பேனல் 8541-தான் என்று மோட்சம் கொடுத்தது.

மோட்சம் கிடைத்த வருஷமே அடுத்த கண்டம். 2018 ஜனவரியில் 70 சதவீத தற்காலிகப் பாதுகாப்பு வரி என்ற சிபாரிசு. அதற்கு சென்னை உயர் நீதிமன்றம் தடை. ஜூலையில் 25 சதவீதமாக இறங்கி வந்தது. அதற்கும் ஒடிசாவில் தடை. செப்டம்பரில் அந்தத் தடைக்கு உச்ச நீதிமன்றம் தடை. நம் பேட்டை வக்கீல்களுக்கு சி.பி. காலத்துக்குப் பிறகு எரிசக்தியால் வந்த உருப்படியான வருமானம் அதுதான். 2021-ல் அங்கீகரிக்கப்பட்ட பேனல்களின் பட்டியல் வந்தது. அயல்நாட்டுக் கம்பெனி எதுவும் அதில் இடம்பெறவில்லை. 2022 ஏப்ரலில் பேனலுக்கு 40, செல்லுக்கு 25 சதவீத சுங்கம் போட்டார்கள். அமலாகும் தேதியை ஒரு வருஷம் முன்னாலேயே சொல்லிவிட்டதால், அதற்கு முந்தைய மாதங்களில் கப்பல் கப்பலாகச் சீனப் பேனல் வந்து இறங்கியது. ஆடித் தள்ளுபடி கடைசி நாள் கூட்டம் தோற்றது.

2024 ஜனவரியில் ஒரு புதுத் தொழிற்சாலை திறந்தார்கள், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில். வருஷத்துக்கு 3.3 கிகாவாட். யார் தெரியுமா? அதே ஃபர்ஸ்ட் சோலார். சந்து வழியாக வந்த அமெரிக்க மாப்பிள்ளை வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்டார். இப்போது அவருடையது சுத்த சுதேசிச் சரக்கு.

அடுத்த மாதமே பிரதமரின் சூர்ய கர் திட்டம்: மூன்று கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். ஆடிட்டரின் ஃபிக்ஸட் டெபாசிட் வாதம் முதல் முறையாக ஆட்டம் கண்டது. ஆனால் மானியத்துக்குப் பேனல் மட்டும் இந்தியாவில் பிறந்தால் போதாது, உள்ளே இருக்கும் செல்லும் இங்கேயே பிறந்திருக்க வேண்டும். செல்லை வெளியில் வாங்கி இங்கே சட்டம் போட்டு ஒட்டுவதைக் கண்டுகொண்டுவிட்டார்கள். பேனலின் பட்டியலுக்கு அடுத்து செல்லுக்குத் தனிப் பட்டியல், 2026 ஜூனிலிருந்து. அதற்கடுத்து செல் வெட்டப்படும் வேஃபருக்கு, 2028 ஜூனிலிருந்து. அப்பா வழியில் மூன்று தலைமுறை பார்க்கிறார்கள்.

“வேஃபருக்கு முன்னாடி என்ன?” என்றார் ஆடிட்டர்.

“சிலிக்கான். அதுக்கும் முன்னாடி மணல்” என்றார் எஞ்சினியர்.

“அப்போ மெரினாலேர்ந்து எடுத்தா பட்டியல்ல சேர்த்துடுவானா?”

“கடற்கரை மணல் ஆகாது சார், நல்ல குவார்ட்ஸ் வேணும்.”

“ஆகுமா ஆகாதாங்கறதை நீர் எப்படிச் சொல்ல முடியும்?” என்று வக்கீல் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். “அது கோர்ட் தீர்மானிக்கணும்.”